கோர்வை கலையாமல் புடவைப் படத்தைச் சுருக்குவது எப்படி

"படம் வரவே மாட்டேங்குதும்மா. வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு."

காரைக்குடியிலிருந்து ஒரு அம்மா போனில் சொன்னது இது. மகள் கல்யாணத்துக்குப் பட்டு பார்ப்பதற்காக எங்கள் கடையின் வெப்சைட்டைத் திறந்திருக்கிறார். அந்தப் பக்கத்தில் 24 புடவைகள். ஒவ்வொரு படமும் தம்பி போனில் எடுத்தபடியே ஏற்றியது, ஆளுக்கு 4 எம்.பி. மொத்தம் 96 எம்.பி. ஒரு நாளைக்கு ஒன்றரை ஜி.பி. கிடைக்கும் ரீசார்ஜில் பதினைந்தில் ஒரு பங்கை எங்கள் ஒரே பக்கம் தின்றுவிடும். அதுவும் முழுதாக வந்தால்தான்.

காஞ்சிபுரத்தில் அப்பா நடத்தும் சின்னக் கடை அது. வெப்சைட் என் பொறுப்பு. அன்று இரவே எல்லாப் படங்களையும் ஆன்லைனில் கிடைத்த ஒரு சுருக்கியில் போட்டு, 60 கே.பி. அளவுக்குக் கொண்டுவந்துவிட்டேன். பக்கம் சட்டென்று திறந்தது. காலையில் அப்பா பார்த்தார். அரக்கு உடலில் கரும்பச்சைக் கரை போட்ட புடவையைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "கோர்வை எங்கம்மா போச்சு?" என்று கேட்டார். உடலும் கரையும் சேரும் இடத்தில் ரேக்கு, அதாவது கூர்முனை வரிசை, பல் பல்லாகத் தெரிய வேண்டும். படத்தில் அந்த இடம் பாசி படிந்த மாதிரி கலங்கிக் கிடந்தது.

கோர்வை என்றால் உடலையும் வேறு நிறக் கரையையும் தனித்தனியாக ஓட்டி ஒன்றோடொன்று கோர்த்து நெய்வது. அதற்கு மூன்று நாடா (ஊடு இழையை ஓட்டும் தறிக் கருவி) ஓட வேண்டும். தறியில் ஒருவர் உட்கார்ந்தால் போதாது, கரைக்கு நாடா தள்ள இன்னொருவர் வேண்டும். அந்தப் பல்லுக்காகத்தான் வாங்குபவர் விலை கொடுக்கிறார். அதைக் கலைத்துவிட்டு "படம் சுருங்கிவிட்டது" என்று சொல்வதில் அர்த்தமே இல்லை. அதனால் எந்தப் படத்தைச் சுருக்குவதற்கு முன்னும் நான் முதலில் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: இந்தப் படத்தில் பார்ப்பவரின் கண் எங்கே போய் நிற்கும்? அந்த இடம் உடையும் வரை சுருக்கிப் பார்ப்பேன், உடைந்ததும் ஒரு படி மேலே வந்து நிறுத்துவேன்.

முதலில் அகலம்

பலரும் நேராகத் தரத்தை, அதாவது எவ்வளவு விவரம் மிஞ்ச வேண்டும் என்று சுருக்கிக்குக் கொடுக்கும் எண்ணை, குறைக்கத்தான் போகிறார்கள். அதற்கு முன் அகலத்தைக் குறையுங்கள். பெரிய லாபம் அங்கேதான்.

12 மெகாபிக்சல் போனை நிமிர்த்தி எடுத்த படம் 3024 பிக்சல் அகலம், 4032 உயரம். ஒரு கோடியே இருபத்திரண்டு லட்சம் புள்ளிகள். பார்க்கிறவர் கையில் இருக்கும் போனின் திரை பெரும்பாலும் 1080 பிக்சல் அகலம். மீதியெல்லாம் கஷ்டப்பட்டு வந்து சேர்ந்து, திரையில் இடமில்லாமல் நசுங்கிப் போகின்றன. அகலத்தை 1200 ஆக்கினால் உயரம் 1600. புள்ளிகள் பத்தொன்பது லட்சம், அதாவது ஆறில் ஒரு பங்குக்கும் குறைவு. தரத்தில் இன்னும் கையே வைக்கவில்லை.

நான் மூன்று அகலங்களில் வைத்திருக்கிறேன். இரண்டிரண்டாக வரிசை கட்டி வரும் பட்டியலுக்கு 600. புடவையின் தனிப் பக்கத்துக்கு 1200. ஜரிகையைக் கிட்டத்தில் பார்க்க விரும்புகிறவர் தொட்டால் மட்டும் திறக்கும் படத்துக்கு 2000. சிறிய படத்தை இழுத்துப் பெரிதாக்குவது மட்டும் வேண்டாம். இல்லாத இழை அதில் வரப்போவதில்லை, ஃபைல்தான் வீங்கும்.

குறைக்கும்போது ஒரு எச்சரிக்கை. வைர ஊசி போன்ற மெல்லிய கோடுகள் நெருங்கி ஓடும் புடவைகளில், அகலத்தைக் குறைத்ததும் நெசவில் இல்லாத அலைகள் படத்தில் நெளியும். சுருக்கும் முறையைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் இடத்தில் லான்சோஸ் என்று இருந்தால் அதை எடுங்கள். நியரஸ்ட் நெய்பர் என்பதைத் தொடவே தொடாதீர்கள். லான்சோஸிலும் அலை அடங்கவில்லை என்றால் படத்தைச் சற்றே தள்ளி நின்றோ, கிட்டே வந்தோ மறுபடி எடுப்பதுதான் வழி.

சொல்லப்போனால் சுருக்கும் வேலை படம் எடுக்கும்போதே ஆரம்பித்துவிடுகிறது. ஜேபெக் (JPEG) என்பது படங்களைச் சுருக்கிச் சேமிக்கும் வழக்கமான முறை. அது படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வளவு மாற்றம் இருக்கிறது என்று எழுதி வைக்கும். வெறும் சுவர் இருக்கும் கட்டத்துக்கு எழுத ஒன்றுமில்லை. கோரைப் பாய், புல்தரை, பூத்துணி என்றால் கட்டத்துக்குக் கட்டம் கதை எழுத வேண்டும். இரவில் டியூப்லைட்டில் எடுத்தால் படம் முழுவதும் மணல் தூவிய மாதிரி ஒரு பொறி பறக்கும், ஜேபெக் அந்த மணலையும் விடாமல் எழுதும். தம்பி இப்போது காலை பத்து மணி வெளிச்சத்தில், ஜன்னலோரம், வெள்ளை வேட்டியை விரித்து அதன் மேல்தான் புடவையை வைத்து எடுக்கிறான். அதே புடவை, அதே அகலம், அதே தரம், ஆனால் ஃபைல் முன்பைவிடச் சிறியது.

கோர்வை ஏன் கலைகிறது

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். இது தெரிந்த பிறகுதான் எனக்குக் கை நின்றது.

நம் கண் வெளிச்ச வித்தியாசத்தைக் கூர்மையாகப் பிடிக்கும், நிற வித்தியாசத்தில் அவ்வளவு கூர்மை கிடையாது. ஜேபெக் இதைப் பயன்படுத்திக்கொள்கிறது. படத்தை வெளிச்சம் தனி, நிறம் தனி என்று பிரிக்கும். வெளிச்சத்தைப் புள்ளிக்குப் புள்ளி வைத்துக்கொள்ளும். நிறத்தை மட்டும் நான்கு புள்ளிக்கு ஒன்று என்று கழித்துவிடும். முகம், வானம், கோயில் கோபுரம் எல்லாவற்றிலும் இது தெரியவே தெரியாது. ஏனென்றால் அங்கே விளிம்புகளை வெளிச்சம் காட்டிக்கொடுத்துவிடும்.

அரக்கும் கரும்பச்சையும் சேரும் இடத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். வெளிச்சத்தைக் கணக்கிடும்போது சிவப்பை 0.299-ஆல், பச்சையை 0.587-ஆல், நீலத்தை 0.114-ஆல் பெருக்கிக் கூட்டுவார்கள். சிவப்பு 128 உள்ள அரக்குக்கு விடை 38. பச்சை 64 உள்ள கரும்பச்சைக்கும் ஏறக்குறைய அதே 38. ஜேபெக்கின் வெளிச்சத் தாளில் உடலுக்கும் கரைக்கும் நடுவே கோடே இல்லை! ரேக்கின் பல் முழுக்க முழுக்க நிறத் தாளில்தான் இருக்கிறது, அந்தத் தாளைத்தான் நான்கில் ஒன்றாகக் கழித்துவிட்டோம். மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை போட்ட புடவைக்கு இந்தத் தொல்லை குறைவு. ஒன்று வெளிச்சம், ஒன்று இருட்டு, அதனால் விளிம்பு நிற்கிறது. அரக்கு-பச்சை, ஊதா-அரக்கு, கருநீலம்-மெரூன் போன்ற ஜோடிகளில்தான் கவனம் வேண்டும்.

ஸ்குவூஷில் ஒரு புடவை

நான் படம் படமாகச் செய்யும்போது பயன்படுத்துவது ஸ்குவூஷ் (Squoosh) என்ற இணையக் கருவி. கூகுளின் குரோம் லேப்ஸ் குழு 2018-ல் வெளியிட்டது, இலவசம். எல்லா வேலையும் உங்கள் பிரவுசருக்குள்ளேயே நடக்கிறது, படம் வேறு யாருடைய சர்வருக்கும் போவதில்லை.

படத்தை இழுத்து நடுவில் போடுங்கள். திரை இரண்டாகப் பிரியும், இடப்பக்கம் மூலப் படம், வலப்பக்கம் சுருங்கப்போகும் படம். நடுவே இருக்கும் கோட்டைப் பிடித்து இங்கும் அங்கும் நகர்த்தலாம். வலப்பக்கப் பெட்டியில் ரீசைஸ் என்பதை இயக்கி, அகலத்தில் 1200 போடுங்கள், உயரம் தானே மாறிக்கொள்ளும். கீழே கம்ப்ரஸ் பட்டியலில் மோஸ்ஜேபெக் எடுங்கள். மொசில்லாவிலிருந்து வந்த ஜேபெக் சுருக்கி இது. இதில் வரும் ஃபைல் சாதாரண ஜேபெக்தான், எந்தப் பழைய போனிலும் திறக்கும். அதோடு, மெதுவான இணைப்பில் படம் மேலிருந்து கீழாக அங்குலம் அங்குலமாக இறங்காமல், முதலில் மங்கலாக முழுப் படமும் வந்து பிறகு தெளியும்.

தரம் 75-இல் இருக்கும். அதை அப்படியே விட்டுவிட்டு, பெரிதாக்கும் அளவை 100-இல் வைத்து, நடுக்கோட்டைக் கோர்வை மேல் கொண்டுவந்து நிறுத்துங்கள். 400-இல் வைத்துப் பார்த்தால் எல்லாப் படமும் மோசமாகத்தான் தெரியும், அப்படி யாரும் புடவை பார்ப்பதில்லை. அரக்குப் புடவை என்றால் இந்த இடத்தில் பல் மழுங்கியிருக்கும். இப்போது அட்வான்ஸ்டு செட்டிங்ஸைத் திறந்து, 'ஆட்டோ சப்சாம்பிள் குரோமா' என்பதில் இருக்கும் டிக்கை எடுத்துவிட்டு, கீழே வரும் எண்ணை 1 ஆக்குங்கள். நிறத்தைக் கழிக்காதே என்று அர்த்தம். என் படத்தில் 150 கே.பி. இருந்தது 180 ஆனது. அந்த 30 கே.பி.யில் ரேக்கு அத்தனையும் திரும்பி வந்துவிட்டது. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன், "இப்பத்தான் புடவை" என்றார்.

பிறகு தரத்தை ஐந்தைந்தாக இறக்குங்கள். 70, 65, 60. ஒவ்வொரு படியிலும் கோர்வையைப் பாருங்கள், முந்தியில் ஜரிகைப் புட்டாவின் ஓரத்தைப் பாருங்கள். ஜரிகையைச் சுற்றிக் கொசு மொய்ப்பது போல அழுக்கு தெரிய ஆரம்பித்தால் எல்லை வந்துவிட்டது. ஒரு படி ஏறி நின்றுகொள்ளுங்கள். முந்தியில் நிறைய ஜரிகை இருந்தால் எனக்கு 75-இல் நிற்கிறது, வெறும் உடல் தெரியும் படங்கள் 60 வரைகூட இறங்குகின்றன.

இந்த எண் சதவீதம் இல்லை என்பதை மனதில் வையுங்கள். 75 என்றால் நூற்றுக்கு எழுபத்தைந்து தரம் மிச்சம் என்று பொருள் கிடையாது. ஒரு மென்பொருளின் 75-உம் இன்னொன்றின் 75-உம் ஒன்றல்ல. 100 போட்டால் நல்லது என்று போடுகிறவர்களும் உண்டு. ஃபைல் பல மடங்கு பெருத்துவிடும், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

வெப்பி, ஏவிஃப் பற்றி

வெப்பி (WebP) என்பது கூகுள் 2010-ல் அறிமுகப்படுத்திய பட முறை. 2020-ல் சஃபாரியும் ஏற்றுக்கொண்ட பிறகு எல்லா முக்கிய பிரவுசர்களிலும் திறக்கிறது. அதே தோற்றத்துக்கு ஜேபெக்கைவிடப் பெரும்பாலும் சிறிய ஃபைல் கிடைக்கும். ஆனால் இழப்போடு சுருக்கும் வெப்பி எப்போதுமே நிறத்தை நான்கில் ஒன்றாகக் கழித்துத்தான் வைக்கும், அதை நிறுத்தவே முடியாது. ஸ்குவூஷின் அட்வான்ஸ்டு செட்டிங்ஸில் 'ஷார்ப்' என்று தொடங்கும் நிறமாற்ற வசதி ஒன்று உண்டு. அதைப் போட்டால் கொஞ்சம் தேறும், முழுதாகத் தேறாது. வெளிர் நிற மென்பட்டுக்கு நான் வெப்பி வைக்கிறேன், அரக்குக் கோர்வைக்கு வைப்பதில்லை.

ஏவிஃப் (AVIF) என்ற இன்னொரு பட முறை இன்னும் சிறியதாகச் சுருக்கும், நிறத்தைக் கழிக்காமலும் சுருக்கும். குரோமில் 2020, ஃபயர்ஃபாக்ஸில் 2021, சஃபாரியில் 2022-லிருந்து திறக்கிறது. அப்டேட் வராத பழைய ஐபோன்களில் திறக்காது என்பதால், ஏவிஃப் வைத்தால் கூடவே ஒரு ஜேபெக்கும் வைத்து, பிரவுசர் தனக்கு முடிந்ததை எடுத்துக்கொள்ளும்படி பக்கத்தின் எச்டிஎம்எல் நிரலில் பிக்சர் டேகில் (picture tag) எழுத வேண்டும். சுருக்க நேரமும் அதிகம் பிடிக்கும். முகப்புப் பக்கத்தில் வரும் பெரிய படத்துக்கு மட்டும் நான் இந்தச் சிரமத்தை எடுக்கிறேன்.

நிறம் மாறிப்போன கதை

ஒரு தடவை ஈரோட்டுக்கு அனுப்பிய புடவை திரும்பி வந்தது. "படத்துல அடக்கமான கலரா இருந்துச்சு, அம்மாவுக்குன்னு வாங்கினேன். நேர்ல பளீர்னு இருக்கு" என்றார் வாங்கியவர். அவர் சொன்னது சரி. தப்பு என் பக்கம்.

ஐபோன் 7 முதல் ஐபோன்கள் படத்தை டிஸ்ப்ளே பி3 என்ற அகன்ற நிற அளவில் எடுக்கின்றன. "இந்த எண்களை இந்த அளவுகோலில் படி" என்று சொல்லும் ஒரு சிறு குறிப்பு ஃபைலுக்குள்ளேயே இருக்கும். நான் எடை குறையட்டும் என்று மெட்டாடேட்டா, அதாவது படத்தோடு ஒட்டி வரும் விவரக் குறிப்புகள், முழுவதையும் நீக்கும் வசதியைப் போட்டேன், அந்தக் குறிப்பும் சேர்ந்து போய்விட்டது. பிரவுசர் அதே எண்களைச் சாதாரண எஸ்ஆர்ஜிபி அளவுகோலில் படித்தது. எல்லா நிறமும் ஒரு பிடி மங்கிவிட்டது. அரக்கு பழுப்பாகத் தெரிந்தது.

சரியான வரிசை இதுதான்: முதலில் படத்தை எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றுங்கள். ஜிம்ப் (GIMP) என்ற இலவசப் பட மென்பொருளில் இமேஜ் மெனுவில் கலர் மேனேஜ்மென்ட் என்ற இடத்தில் இருக்கிறது. மாற்றிய பிறகு மெட்டாடேட்டாவை நீக்குங்கள். நீக்கத்தான் வேண்டும், எடைக்காக மட்டுமல்ல. போனில் இட விவரம் இயங்கிக்கொண்டிருந்தால் படம் எடுத்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை உள்ளே உட்கார்ந்திருக்கும். நாங்கள் நெசவாளர் வீட்டுத் தறியிலேயே சில புடவைகளை எடுக்கிறோம். அவர்கள் வீட்டு விலாசத்தை ஊருக்கெல்லாம் கொடுக்க நமக்கு உரிமை இல்லை.

நெசவாளர்கள் படம் அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பாமல் டாகுமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். போட்டோவாக வந்தது ஏற்கெனவே ஒரு முறை சுருங்கியது, அதை நாமும் சுருக்கினால் கஞ்சியை மறுபடி நீர்விட்டு நீட்டின மாதிரி. ஐபோனிலிருந்து வரும் ஹெய்க் ஃபைல்கள் உங்கள் கணினியில் திறக்கவில்லை என்றால், போனின் செட்டிங்ஸில் கேமரா, அதற்குள் ஃபார்மேட்ஸ், அதில் 'மோஸ்ட் கம்பேட்டிபிள்' என்று மாற்றிவிட்டால் ஜேபெக்காகவே எடுக்கும்.

எழுத்து உள்ள படங்கள்

தீபாவளித் தள்ளுபடி அறிவிப்பை ஜேபெக்கில் போடாதீர்கள். ஜேபெக் கூர்மையான விளிம்பைச் சுற்றி அழுக்கு விடும், தமிழில் அதற்கு முதலில் பலியாவது புள்ளி. 'பட்டு' என்பதில் ட் மேல் இருக்கும் புள்ளி, 600 அகலப் படத்தில் இரண்டு மூன்று பிக்சல்தான். அது மங்கினால் 'படடு' ஆகிவிடும். ண, ன இரண்டுக்கும் சுழி வித்தியாசமும் அடைந்துபோகும். ஆங்கில எழுத்துக்கு எப்படியோ தாங்கும் தரம் நம் எழுத்துக்குத் தாங்காது.

அறிவிப்பைப் படமாக்காமல் பக்கத்திலேயே எழுத்தாகத் தட்டச்சு செய்வதுதான் முதல் வழி. எடையே இல்லை, தேடினாலும் கிடைக்கும். படமாகத்தான் வேண்டும் என்றால் பிஎன்ஜி (PNG), விளிம்பைச் சுற்றி அழுக்கு விடாத பட முறை. அறிவிப்பில் மொத்தம் பத்து நிறம்தான் இருக்கும் என்பதால், ஸ்குவூஷில் 'ரெட்யூஸ் பேலட்' என்பதை இயக்கி நிறங்களை 256 அல்லது அதற்கும் கீழே, 32 வரைகூடக் குறைத்துப் பாருங்கள். ஃபைல் நன்றாக இறங்கும், எழுத்து கத்தி மாதிரி நிற்கும். கடைச் சின்னத்துக்கு எஸ்விஜி. அது கோடுகளின் கணக்கு, எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாது. புடவைப் படத்தைப் பிஎன்ஜியில் வைப்பது மட்டும் கூடாது, ஜேபெக்கைவிடப் பல மடங்கு பெருத்துவிடும்.

மொத்தமாகவும், ஏற்றும்போதும்

நூறு படங்களை ஒவ்வொன்றாகச் செய்ய முடியாது. விண்டோஸில் இர்ஃபான்வியூ (IrfanView) என்ற பட மென்பொருளைத் திறந்து பி விசையை அழுத்தினால் மொத்தமாக மாற்றும் பெட்டி வரும். அகலம், தரம் கொடுத்து, ஜேபெக் ஆப்ஷன்ஸில் நிறக் கழிவை நிறுத்தும் 'டிஸேபிள் குரோமா' டிக்கைப் போட்டுவிடுங்கள். தனிப்பட்ட பயன்பாட்டுக்குத்தான் அது இலவசம், கடை வேலைக்கு உரிமம் வாங்க வேண்டும், நாங்கள் வாங்கியிருக்கிறோம். பட்டியல் படங்களை இதில் 72 தரத்தில் மொத்தமாகச் செய்துவிட்டு, தனிப் பக்கப் படங்களை மட்டும் ஸ்குவூஷில் கையால் பார்ப்பேன். வெளியே போகும் ஃபோல்டர் வேறாக இருக்கட்டும். மூலத்தின் மேலேயே சேமித்துவிட்டால் மீட்க வழியில்லை, புடவை விற்றுப்போயிருந்தால் மறுபடி எடுக்கவும் முடியாது.

உங்கள் வெப்சைட் வேர்ட்பிரஸ்ஸில் இருந்தால் கணக்கு வேறு. நீங்கள் ஏற்றும் படத்திலிருந்து அது தானே பல அகலங்களைச் செய்துகொள்ளும், வழக்கமாக 82 தரத்தில். 65-இல் இறுக்கிய படத்தை ஏற்றினால் இரண்டாம் முறை சுருங்கிக் கோர்வை மறுபடி கலையும். அங்கே 2000 அகலத்தில், 90 தரத்தில் ஏற்றிவிட்டு, சுருக்கும் வேலையை அதனிடம் விடுங்கள்.

ஃபைல் பெயரைத் தமிழில் வைக்க எனக்கும் ஆசைதான். ஆனால் இணைய முகவரியில் ஒரு 'க' ஒன்பது குறிகளாக விரியும், இணைப்பை யாருக்காவது அனுப்பினால் அரை முழத்துக்கு நீளும். ஆங்கில எழுத்தில் சிறியதாக வைத்துவிட்டு, படத்துக்கான மாற்று உரையில் 'அரக்கு உடல், கரும்பச்சைக் கோர்வைக் கரை, தாழம்பூ ரேக்கு' என்று தமிழில் முழுதாக எழுதுகிறேன். பார்வையற்றவர்களுக்குத் திரைபடிப்பான் அதைத்தான் வாசித்துச் சொல்லும்.

பக்கத்தில் ஒவ்வொரு படத்துக்கும் அகலமும் உயரமும் எழுதிவிடுங்கள், படம் வந்து சேரும்போது பக்கம் குதிக்காது. கீழே இருக்கும் படங்களுக்கு லேஸி லோடிங் (பார்ப்பவர் அங்கே உருட்டி வரும்போதுதான் படத்தை இறக்கும் வசதி) போடுங்கள், திறந்ததும் கண்ணில் படும் முதல் படத்துக்கு மட்டும் போடாதீர்கள், அது தாமதமாகிவிடும்.

கடைசியாகச் சோதனை. குரோமில் எஃப்12 அழுத்தி, நெட்வொர்க் பகுதிக்குப் போய், 'டிஸேபிள் கேஷ்' டிக் போட்டு, படங்களை மட்டும் காட்டச் சொல்லிப் பக்கத்தை மறுபடி ஏற்றுங்கள். சைஸ் என்ற தலைப்பைத் தட்டி, பெரியது மேலே வரும்படி வரிசைப்படுத்துங்கள். எங்கள் 24 புடவைப் பக்கம் இப்போது 1.3 எம்.பி. நிற்கிறது. மாதத்தில் ஒரு நாள் இப்படித் திறந்து பார்ப்பேன். பட்டியலில் 200 கே.பி.க்கு மேல் ஏதாவது தலை தூக்கியிருந்தால், பெரும்பாலும் அவசரத்தில் தம்பி போனிலிருந்து நேரடியாக ஏற்றிய படமாகத்தான் இருக்கும். புடவை எண்ணைக் குறித்துக்கொண்டு, ஹார்ட் டிஸ்கில் அதன் மூலப் படத்தைத் தேடி எடுத்து, அன்றே மாற்றிவிடுகிறேன்.